ஒரே சர்க்யூட், வேறு பெட்டி: பேஸ்மேன் எப்படி மார்ஷல் ஆனது

கிட்டார் ஆம்ப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எந்த வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), எத்தனை வாட், எத்தனை சேனல் என்பதுதான். ஸ்பீக்கர் என்ன, பெட்டியின் பின்புறம் திறந்ததா மூடியதா என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் ஒரு ஆம்பின் குரலில் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பங்கு நாம் நினைப்பதைவிட ரொம்பப் பெரியது. இதை வெறும் வாதமாகச் சொல்வதைவிட, ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது மேல். ஆம்ப் வரலாற்றில் அதற்கு வாகான நிகழ்வு ஒன்று இருக்கிறது. 1962-ல் மேற்கு லண்டனில் ஒரு இசைக்கருவிக் கடையில், அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஒரு ஆம்ப் கட்டினார்கள். அதனோடு சேர்த்த ஸ்பீக்கரும் பெட்டியும் மட்டும் முற்றிலும் வேறு. அந்தச் சேர்க்கையிலிருந்து வந்த குரலைத்தான் இன்றைக்கும் ‘மார்ஷல் சவுண்ட்’ என்கிறோம்.

பேஸ்மேன்

ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தது. அதற்கென்று ஒரு ஆம்ப் வேண்டுமே என்று அடுத்த ஆண்டு வந்ததுதான் பேஸ்மேன். முதலில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சில ஆண்டுகளில் அது 10 அங்குல ஸ்பீக்கர் நான்காக மாறியது. நமக்கு வேண்டியது 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்ற வடிவம். இரண்டு 5881 பவர் வால்வு, ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர், 40 வாட்டை ஒட்டிய சக்தி. நான்கும் ஜென்சன் பி10ஆர் ஸ்பீக்கர். ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. ஒவ்வொன்றும் 8 ஓம். நான்கையும் பேரலலாக இணைத்ததால் மொத்தம் 2 ஓம். பெட்டி பைன் மரம், மூலைகளில் விரல் கோத்தது போன்ற இணைப்பு. ஸ்பீக்கர்களைத் தாங்கும் முன்பலகை மெல்லிய பிளைவுட். பின்புறம் மேலும் கீழும் பலகை, நடுவில் திறப்பு.

அந்தத் திறப்புக்கு ஒலி சார்ந்த காரணம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆம்பின் சர்க்யூட்டைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ் அதே பெட்டிக்குள் மேலே தொங்குகிறது. வால்வு சூடு வெளியேற வழி வேண்டும், வால்வை மாற்றக் கை நுழைய வேண்டும். ஒயரைச் சுருட்டிப் போடவும் இடம் வேண்டும். இப்படி வசதிக்காக வைத்த ஒரு திறப்பு, ஒலியில் எவ்வளவு பெரிய விஷயமாக ஆனது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

பேஸ் கிட்டாருக்கு இது அவ்வளவு பொருந்திய ஆம்ப் அல்ல. பேஸின் கீழ் இ தந்தி 41 ஹெர்ட்ஸ். திறந்த பெட்டியில் உள்ள 10 அங்குல ஸ்பீக்கர்கள் அதைச் சத்தமாகத் தர மாட்டா. ஃபெண்டரே 1960-களின் தொடக்கத்தில் பேஸ்மேனை இரண்டாகப் பிரித்து, தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி), தனியாக மூடிய ஸ்பீக்கர் பெட்டி என்று மாற்றிவிட்டது. ஆனால் அதற்குள் கிட்டார்காரர்கள் பழைய பேஸ்மேனைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டாரின் கீழ் இ தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸுக்குப் போதாத பெட்டி கிட்டாருக்கு இனித்தது.

ஹான்வெல் கடை

ஜிம் மார்ஷல் டிரம்ஸ் கலைஞர், டிரம்ஸ் ஆசிரியர். 1960-ல் ஹான்வெல் பகுதியில் அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் 76-ஆம் எண்ணில் கடை திறந்தார். அமெரிக்க ஆம்ப்கள் அப்போது பிரிட்டனில் விலை அதிகம். கடைக்கு வந்துபோன இளம் கிட்டார்காரர்கள், பின்னாளில் ‘தி ஹூ’ குழுவில் புகழ்பெற்ற பீட் டவுன்ஷெண்ட் உட்பட, தங்களுக்கு வேண்டிய சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடையின் ரிப்பேர்காரர் கென் பிரான், இஎம்ஐ நிறுவனத்தில் பயிற்சி பெற்ற டட்லி கிரேவன் என்ற இளைஞர், ஜிம் மூவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜேடிஎம்45. ஜே என்றால் ஜிம், டி என்றால் அவர் மகன் டெர்ரி, எம் என்றால் மார்ஷல்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி 5எஃப்6-ஏ. இதை அவர்கள் மறைத்ததும் இல்லை. ஆனால் கையில் கிடைத்த பாகங்கள் பிரிட்டனில் விற்றவை. டிரான்ஸ்ஃபார்மர் வேறு. பவர் வால்வு முதலில் 5881, பிறகு கேடி66. முதல் நிலையில் ஃபெண்டர் வைத்திருந்தது 12ஏஒய்7. இவர்கள் வைத்தது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும் இசிசி83. இதனால் மார்ஷல் சீக்கிரமே டிஸ்டார்ஷனுக்கு, அதாவது ஒலி உடைந்து கரகரக்கும் நிலைக்குப் போகும். இந்த வித்தியாசங்களை ஒதுக்க முடியாது. பெட்டியின் கணக்கில் இவற்றையும் சேர்த்து எழுதினால் ஆய்வு கெட்டுவிடும். ஆகவே இவற்றைத் தனியே வைத்துவிட்டு மேலே போவோம்.

பெட்டிக் கதை இப்படி. ஜேடிஎம்45-ஐத் தனி ஹெட்டாகச் செய்தார்கள். ஸ்பீக்கருக்குச் செலஷன் நிறுவனத்தின் 12 அங்குல ஜி12. ஒவ்வொன்றும் தாங்குவது 15 வாட். ஜிம் பின்னாளில் சொன்னபடி, முதலில் ஒரு பெட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தார்கள், அவை எரிந்துபோயின. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு ஸ்பீக்கர் என்றால் 30 வாட், ஹெட்டின் பெயரிலேயே 45 இருக்கிறது. நான்கு வைத்தால் 60 வாட், பிழைக்கும். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களை அடைக்கத் தேவையான அளவுக்குப் பெட்டி செய்தார்கள். ஏறத்தாழ முக்கால் மீட்டர் அகலம், அதே அளவு உயரம், ஆழம் 36 சென்டிமீட்டர் வாக்கில். ஹெட் தனியாக மேலே உட்கார்வதால் பெட்டிக்குள் சூடு இல்லை, கை நுழைய வேண்டியதும் இல்லை. பின்புறத்தை முழுக்க மூடிவிட்டார்கள்.

ஸ்பீக்கர் எரியாமல் இருக்க நான்கு, நான்கையும் அடைக்க ஒரு பெரிய பெட்டி. ஒலியியல் கணக்குப் போட்டு வந்த வடிவம் அல்ல இது. ஆனாலும் ராக் இசையின் கிட்டார் குரலை இதைப்போலத் தீர்மானித்த பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பின்புறத்தை மூடினால் என்ன ஆகிறது

ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பான கோன் முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. ஒரே நேரத்தில் நேர் எதிரான இரண்டு அலைகள் பிறக்கின்றன. பெட்டி திறந்திருந்தால் பின் அலை பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்து முன் அலையோடு கலக்கும். இரண்டும் எதிரெதிர் என்பதால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

எல்லா ஸ்வரத்திலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. பேஸ்மேன் பெட்டியில் பின் அலை சுற்றி வர வேண்டிய தூரம் அரை மீட்டரும் கொஞ்சமும். 82 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல். அந்த அலைக்கு அரை மீட்டர் ஒரு தூரமே அல்ல. பின் அலை கிட்டத்தட்டத் தாமதமே இல்லாமல் வந்து முன் அலையை அழிக்கிறது. 300 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது அலையின் பாதி நீளமும் சுற்றும் தூரமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அங்கே பின் அலை நேர்மாறாகத் திரும்பி வந்து முன் அலைக்குக் கை கொடுக்கிறது. அதற்குக் கீழே இறங்க இறங்க பேஸ், அதாவது கீழ் ஒலி, சீராகக் குறைகிறது. அதனால்தான் திறந்த பெட்டியில் கீழ்த் தந்திகள் இறுக்கமில்லாமல், காற்றோட்டமாகக் கேட்கின்றன. நடுத் தந்திகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

மூடிய பெட்டியில் பின் அலை உள்ளேயே அடைபடுகிறது. அழிப்பு இல்லை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று கோனுக்கு ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்பீக்கரின் சொந்தத் தொங்கலோடு இந்தக் காற்று ஸ்பிரிங்கும் சேர்வதால், அதன் இயற்கை அதிர்வெண் மேலே ஏறுகிறது. வெளியே 75 ஹெர்ட்ஸில் அதிரும் 12 அங்குல ஸ்பீக்கர், நான்கு ஸ்பீக்கர் கூடிய இந்தப் பெட்டிக்குள் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். கிட்டாரின் ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ். உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் வைத்துக் கீழ்த் தந்திகளை அடக்கி வாசிக்கும்போது நெஞ்சில் ‘தும்’ என்று விழுகிறதே, அந்த அடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே வாசிப்பைத் திறந்த காம்போவில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வாசித்தால் ‘தப்’ என்று கேட்கும், அடி விழாது.

ஸ்பீக்கரின் எண்ணிக்கையும் பேஸில் கை வைக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள கோன்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அலை நீளமாக இருக்கும்போது அவை ஒரே பெரிய கோன் போலச் சேர்ந்து தள்ளுகின்றன. மொத்த சக்தி அதே இருந்தாலும், ஸ்பீக்கர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கீழ் ஒலிகளில் 3 டெசிபல் வரை கூடும். மேல் ஒலிகளில் இந்த லாபம் இல்லை. ஆக ஸ்பீக்கர் பிழைக்கட்டும் என்று இரண்டை நான்காக்கியபோதே ஒலியின் எடையும் கீழே இறங்கிவிட்டது.

கோன்

கிட்டார் ஸ்பீக்கர் ஹைஃபை ஸ்பீக்கர் அல்ல. கீழே 75 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி மேலே 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் வேலை முடிந்துவிடும், அதற்கு மேல் செங்குத்தாக விழும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் ஒலிக்கூறுகள் அதற்கு மேலும் ஏராளமாக இருக்கின்றன. ஒரு டிஸ்டார்ஷன் கிட்டாரை நேராக ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்குத் தெரியும், கொசுக்கூட்டம் காதில் புகுந்தது போல இருக்கும். அந்த இரைச்சலை வெட்டி எறிந்து, கேட்கக்கூடிய இசையாக்குவது ஸ்பீக்கரின் காகிதக் கோன்தான்.

வெட்டுவதற்கு முன் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு இருக்கும். அந்த உயரத்தில் கோன் முழுதாக ஒன்றாக நகர்வதில்லை. அதன் பகுதிகள் தனித்தனியாக வளைந்து அதிர்கின்றன. காகிதத்தின் தடிமன், மடிப்பு, ஓரத்தில் பூசிய பூச்சு, நடுவில் உள்ள தொப்பி எல்லாம் சேர்ந்து அந்த மேடு எங்கே, எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று தீர்மானிக்கின்றன. ஜென்சன் 10 அங்குலம் அங்கே கண்ணாடி போலப் பளிச்சென்று ஒலிக்கும். செலஷன் 12 அங்குலத்தில் மேடு இன்னும் கரடுமுரடானது. பாடகரின் குரல் கம்முவது போல ஒரு சொரசொரப்பு அதில் வரும். இந்த வித்தியாசத்தை ஆம்பின் டோன் பட்டன்களால் சரிக்கட்ட முடியாது. பட்டன்கள் அகலமான வளைவுகளைத்தான் நகர்த்தும். கோனின் மேடு பள்ளங்கள் ஊசி ஊசியாக இருப்பவை.

மரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பைன் லேசானது, பேஸ்மேனின் மெல்லிய முன்பலகையும் கொஞ்சம் சேர்ந்து அதிரும். மார்ஷல் பெட்டியில் தடித்த பிர்ச் பிளைவுட், அது அசையாது. வித்தியாசம் உண்டு. ஆனால் பின்புறம் திறந்ததா என்பதற்கும் எந்த ஸ்பீக்கர் என்பதற்கும் பிறகுதான் அது வரும்.

2 ஓமிலிருந்து 16 ஓமுக்கு

இந்த நிகழ்வில் என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி இதுதான். பெட்டி ஹெட்டுக்குப் பின்னால் வருவது, ஹெட் என்ன கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்வது என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கே பெட்டி ஹெட்டுக்குள்ளேயே கை நீட்டியிருக்கிறது.

பேஸ்மேன் சர்க்யூட்டில் நெகட்டிவ் ஃபீட்பேக் உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜில் ஒரு பங்கை 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து பவர் பகுதியின் முகப்பில் எதிராகக் கொடுப்பார்கள். அது ஆம்பைக் கட்டுக்குள் வைக்கும், தெளிவாக்கும். ஃபெண்டரில் அந்த வோல்டேஜ் 2 ஓம் ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது. 2 ஓமில் 40 வாட் என்றால் ஏறத்தாழ 9 வோல்ட்.

மார்ஷலில் நான்கு செலஷன்களையும் சீரிஸ்-பேரலலாக (இரண்டிரண்டைத் தொடராகவும், அந்த ஜோடிகளை இணையாகவும்) இணைத்ததால் பெட்டி 16 ஓம் ஆனது. ஆரம்பகால ஜேடிஎம்45-ல் அதே 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் டிரான்ஸ்ஃபார்மரின் 16 ஓம் முனையில் மாட்டப்பட்டது. 16 ஓமில் அதே 40 வாட் என்றால் 25 வோல்ட். ரெசிஸ்டரின் மதிப்பு மாறவில்லை, திரும்பி வரும் வோல்டேஜ் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஃபீட்பேக் கூடியதால் ஜேடிஎம்45 சத்தம் குறைவாக வாசிக்கும்போது பேஸ்மேனைவிடக் கட்டுக்கோப்பாக, வழுவழுப்பாக ஒலிக்கிறது. சத்தத்தைக் கூட்டி எல்லையைத் தொட்டதும் அந்தக் கட்டு சட்டென்று அறுந்து விழுகிறது. வரைபடத்தை மட்டும் பார்த்து ‘இது பேஸ்மேனின் நகல்’ என்பவர்கள் இந்த ஒரு ஒயரைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

கட்டு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பெட்டியிடம்தான் போக வேண்டும். 16 ஓம் என்பது ஒரு பெயரளவு எண். உண்மையில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் அந்தத் தடை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வேறு. இயற்கை அதிர்வெண்ணில் பல மடங்கு எகிறும். 400 ஹெர்ட்ஸ் வாக்கில் பெயரளவுக்கு இறங்கும். மேலே போகப் போக வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது, வோல்டேஜை அப்படியே பிடித்துக்கொள்ளும். வால்வு ஆம்ப் அப்படி அல்ல. இம்பீடன்ஸ் ஏறுகிற இடத்திலெல்லாம் வோல்டேஜும் ஏறும். நெகட்டிவ் ஃபீட்பேக் இருக்கும்வரை அதை அடக்கி வைக்கும். ஆம்ப் கிளிப் ஆகி, அதாவது எல்லையை மீறி அலையின் முனை வெட்டுப்பட்டு, ஃபீட்பேக் பிடி விட்டதும், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வளைவு அப்படியே ஒலியின் வளைவாகிவிடும். பேஸ் வீங்கும், மேல் ஒலியான ட்ரெபிள் முன்னே வரும். மூடிய பெட்டியில் பேஸ் வீங்குகிற இடம் 100 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கிட்டாரின் கீழ்த் தந்திகளின் நடுவில். ஜேடிஎம்45-ஐ முழுசாகத் திறந்து வாசிக்கும்போது அது திடீரென்று உடல் பெருத்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நடுவில் ஒரு சாட்சி: மாடல் 1962

ஸ்பீக்கரும் மாறியது, பெட்டியும் மாறியது. எது எதற்குக் காரணம் என்று எப்படிப் பிரிப்பது? நல்லவேளையாக மார்ஷலே அதற்கு ஒரு சாட்சியைச் செய்து வைத்திருக்கிறது. ஜேடிஎம்45-ன் சர்க்யூட்டையே எடுத்து, 12 அங்குல செலஷன் இரண்டோடு, பின்புறம் திறந்த காம்போவாக 1960-களின் நடுவில் விற்றார்கள். அதன் பெயர் மாடல் 1962. இது மாடல் எண்தான், ஆண்டு அல்ல. 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்த மாடல் 1961 என்று இன்னொன்றும் இருந்தது.

1966-ல் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் ‘புளூஸ்பிரேக்கர்ஸ்’ குழுவோடு மேற்கு ஹாம்ப்ஸ்டெட்டில் உள்ள டெக்கா ஸ்டூடியோவில் பதிவு செய்தபோது கொண்டுபோனது மாடல் 1962-ஐத்தான். தயாரிப்பாளர் மைக் வெர்னான், ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன். மேடையில் வாசிக்கும் சத்தத்திலேயே ஸ்டூடியோவிலும் வாசிப்பேன் என்று கிளாப்டன் பிடிவாதமாக நின்றார். சத்தத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்வதுதான் அன்றைய வழக்கம். அவர் இணங்காததால் பவர் வால்வுகள் கிளிப் ஆகும் நிலையில் அந்த ஆம்ப் பதிவானது. கிட்டார்காரர்கள் இன்றைக்கும் தேடிப் போகும் குரல் அது. அந்த காம்போவுக்கு ‘புளூஸ்பிரேக்கர்’ என்ற பெயர் நிலைத்ததும் அந்தக் குழுவின் பெயரால்தான்.

இப்போது மூன்றையும் வரிசையில் வைத்துக் கேளுங்கள். பேஸ்மேன்: ஜென்சன் 10 அங்குலம் நான்கு, திறந்தது. மாடல் 1962: செலஷன் 12 அங்குலம் இரண்டு, திறந்தது. ஜேடிஎம்45 ஹெட்: செலஷன் 12 அங்குலம் நான்கு, மூடியது. முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது பளபளப்பு அடங்கி, நடு ஒலி தடிக்கிறது. பாடுகிற மாதிரி ஒரு குணம் வருகிறது. கோன் பெரிதானதால்தானே என்று கேட்டால், இல்லை. நான்கு 10 அங்குலக் கோன்களின் மொத்தப் பரப்பு இரண்டு 12 அங்குலக் கோன்களைவிட அதிகம். பரப்பு குறைந்தும் குரல் தடித்திருக்கிறது. ஆக அந்தத் தடிமன் செலஷன் கோனின் குணத்திலிருந்தும், முன்னே ஒதுக்கி வைத்த வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் வித்தியாசங்களிலிருந்தும் வருகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது சர்க்யூட் அதே, ஸ்பீக்கர் குடும்பமும் அதே. மாறுவது எண்ணிக்கையும் பின்பலகையும் மட்டும். அங்கே கிடைப்பது கீழ்த் தந்திகளின் அடி, இறுக்கம், முன்னோக்கிய தள்ளல். கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்பு) வாசிப்பவர்கள் மூன்றாவதையும், தனித்தந்தி வாசிப்பில் உருக நினைப்பவர்கள் இரண்டாவதையும் நாடுவது தற்செயல் அல்ல.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. மூடிய பெட்டி தரும் அடி ஒரு பெரிய மேடையில் தேவை. அறைக்குள், மற்ற கருவிகளோடு உட்கார்ந்து வாசிக்கும்போது திறந்த காம்போவின் பின் அலை சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவுகிறது. பின்னால் இருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கிட்டார் கேட்கிறது. காம்போவைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் ஒரு பேஸ், மூலையில் ஒட்டி வைத்தால் வேறு பேஸ். இடத்தை நகர்த்துவதே ஒரு டோன் பட்டன்.

காதில் விழுவது எங்கிருந்து

நான்கு ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 12 அங்குலக் கோன் 1,300 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலியை எல்லாப் பக்கமும் பரப்புவதை விட்டு, நேர் முன்னே குவிக்கத் தொடங்கும். நான்கு சேர்ந்தால் குவிப்பு இன்னும் குறுகும். பெட்டிக்கு நேரே பத்தடி தள்ளி நிற்பவருக்குக் காது கூசும். பக்கவாட்டில் நிற்கும் வாசிப்பவருக்கு மந்தமாகக் கேட்கும், உடனே ட்ரெபிளைக் கூட்டுவார். முன்வரிசைக்காரர் பாடு திண்டாட்டம்.

மார்ஷல் பெட்டியின் மேல் பாதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹெட் பெட்டிமேல் பாந்தமாக உட்கார வேண்டும் என்று பார்வைக்காக வைத்த சாய்வு அது என்றுதான் ஜிம் சொல்லியிருக்கிறார். ஆனால் மேல் இரண்டு ஸ்பீக்கர்கள் வாசிப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பியதால் ட்ரெபிள் அவர் காதுக்குப் போக ஆரம்பித்தது. 1965-ல் பீட் டவுன்ஷெண்ட் ஒரே பெட்டியில் எட்டு ஸ்பீக்கர் கேட்டார். செய்து கொடுத்தார்கள். தூக்க முடியவில்லை என்று கூட வந்தவர்கள் புலம்ப, அதை இரண்டு நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். மேடையில் ஆளுயரத்துக்கு நிற்கும் மார்ஷல் ஸ்டாக் அப்படி வந்தது. மேல் பெட்டி காது மட்டத்துக்கு வந்ததால் வாசிப்பவர் தன் ட்ரெபிளைத் தானே சரியாகக் கேட்டார்.

மைக் வைப்பதும் இதே கதைதான். கோனின் நடுத் தொப்பிக்கு நேரே வைத்தால் கூர்மை. அங்கிருந்து ஓரத்துக்கு இரண்டு விரற்கடை நகர்த்தினாலே ட்ரெபிள் மடங்கி, நடு ஒலி முன்னே வரும். ஆம்பில் எந்தப் பட்டனையும் தொடாமலேயே அந்த மாற்றம் கிடைக்கிறது.

நீங்களே செய்து பார்க்க

இந்த நிகழ்வைச் சோதித்துப் பார்க்க இப்போது பழைய ஆம்ப் எதுவும் வேண்டாம். ஆம்பின் ஒலியைக் கணினியில் போலச் செய்யும் ஆம்ப் மாடலர் மென்பொருள்கள் பலவற்றில் பேஸ்மேனும் ஜேடிஎம்45-உம் இருக்கின்றன. கேபினெட்டுக்கு ஐஆர் எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகள் கிடைக்கின்றன. ஒரு பெட்டி, ஒரு மைக், ஓர் இடம், அந்தச் சேர்க்கையின் ஒலி வளைவை மாதிரி எடுத்து வைத்தது அது. நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் 2,048 மாதிரி கொண்ட கோப்பு 43 மில்லி செகண்ட்தான் இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு பெட்டியின் குணம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிட்டாரை நேரடியாக ஒரு முறை பதிவு செய்துகொள்ளுங்கள், கீழ்த் தந்தி அடக்கி வாசிப்பதும் மேல் தந்தியில் ஒரு இழுப்பும் இருக்கட்டும். அதே பதிவை பேஸ்மேன் மாடலில் ஓட்டி, முதலில் 10 அங்குலம் நான்கின் ஐஆர், பிறகு மூடிய 12 அங்குலம் நான்கின் ஐஆர் போட்டுக் கேளுங்கள். அப்புறம் ஐஆரை மாற்றாமல் ஆம்பை மட்டும் ஜேடிஎம்45 ஆக்குங்கள். சத்த அளவைச் சமமாக வைப்பது முக்கியம். சற்றுச் சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். நான் கேட்டவரை, ஆம்பை மாற்றும்போது டிஸ்டார்ஷனின் அளவும் தொடுகையும் மாறுகின்றன. ஐஆரை மாற்றும்போது இது வேறு கருவியோ என்று தோன்றும் அளவுக்கு மாறுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஐஆர் ஒருவழிப் பாதை. ஹெட்டிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒலியை அது வடிகட்டும். பெட்டி தன் இம்பீடன்ஸால் ஹெட்டை இழுப்பது, 2 ஓம் 16 ஓம் கதையில் பார்த்த அந்த விஷயம், ஐஆருக்குள் இல்லை. நல்ல மாடலர்களில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கும், ஸ்பீக்கர் ரெசனன்ஸ் அல்லது இம்பீடன்ஸ் கர்வ் என்ற மாதிரிப் பெயர்களில். திறந்த காம்போவின் ஐஆர் போட்டுவிட்டு அந்த அமைப்பை மூடிய பெட்டிக்கு உரிய இடத்திலேயே விட்டுவைத்தால் பேஸ் தப்பான இடத்தில் வீங்கும். உண்மையான வால்வு ஹெட்டை, ஸ்பீக்கருக்குப் பதிலாக இருக்கும் லோட் பாக்ஸில் மாட்டி ஐஆர் போடுபவர்களுக்கும் இதே கவனம் தேவை. வெறும் ரெசிஸ்டர் கொண்ட லோட் பாக்ஸில் இம்பீடன்ஸ் வளைவே கிடையாது, ஹெட் உயிரில்லாமல் ஒலிக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வளைவைப் போலவே நடந்துகொள்ளும் ரியாக்டிவ் வகை லோட் பாக்ஸ் வாங்குங்கள். அதில் ரெசனன்ஸை மாற்றும் வசதி இருந்தால், மூடிய நான்கு ஸ்பீக்கர் பெட்டிக்கு 110 ஹெர்ட்ஸ் வாக்கிலும், திறந்த காம்போவுக்கு அதைவிடக் கீழேயும் வைத்துத் தொடங்குங்கள். பிறகு அடக்கி வாசிக்கும் கீழ்த் தந்தியைக் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள்.